மேனுவல்ல கெடக்கட்டும், பேராண்டி

வாடே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் வெயில்ல போட்ட கத்திரிக்கா மாதிரி சுருங்கிக் கெடக்கு? "கட்டடத்துக்கு மூளை வச்சுத் தாரேன், ஏசி, லைட்டு, தண்ணி மோட்டாரு எல்லாம் தானா ஓடிக்கிடும்னு சொல்லுதேன், ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான்"னு ஆச்சிகிட்ட பொலம்பினியாமே. நான் உள்ள கண்ண மூடிப் படுத்திருந்தேன். கண்ணுதான மூடியிருந்துச்சு.

ஆறுதல் சொல்லப்போறேன்னு நெனைக்காத. வாங்காதவன் புத்திசாலின்னு சொல்ல வாரேன். ஏன்னா வாங்கினவன் வீட்டுக் கூத்த ரெண்டு வருசம் பக்கத்துல நின்னு பாத்தவன் நான். மெட்ராசுல, அந்த ஓஎம்ஆர் ரோட்டுல, பன்னெண்டு மாடிக் கட்டடத்துக்கு ராத்திரி வாச்சுமேனா இருந்தேன்லா? கட்டடத்துப் பேரு வேண்டாம். சம்பளம் லேட்டாத் தந்தாலும் உப்பு உப்புதான்.

கீழ் பேஸ்மென்ட்டுல பிஎம்எஸ் ரூமுன்னு ஒண்ணு, கட்டடத்தோட மூளை இருக்குத எடம். ரெண்டு பெரிய டிவிப்பெட்டி. அதுல பன்னெண்டு மாடியும் படமா வரைஞ்சு, ஒவ்வொரு மாடியிலயும் ஏசிக் காத்து தள்ளுத ஃபேனு குட்டியாச் சுத்திக்கிட்டே இருக்கும். திருவிழாவுல ராட்டினம் பாத்த மாதிரி நானும் வாயப் பொளந்து பாத்திருக்கேன். ஒரு நாள் நாலாவது மாடியில டீ குடிக்கப் போனா ஒரே புழுக்கம். காத்து தள்ளுத ஏஹெச்யூ பெட்டிக் கதவத் தொறந்து பாத்தா பெல்ட்டு அறுந்து தரையில கெடக்கு, மோட்டாரு மட்டும் வெறுமனச் சுத்துது. கீழ வந்து டிவியப் பாத்தா ஃபேனு ஜோராச் சுத்துது!

அங்க வேலைக்கு இருந்த ஐடிஐ பையன்கிட்ட கேட்டேன். "தாத்தா, ஸ்டார்ட்டர்ல கான்டாக்ட் ஒட்டியிருந்தா ஃபேன் ஓடுதுன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கிடும். காத்து வருதான்னு பாக்கணும்னா ஃபேனுக்கு ரெண்டு பக்கமும் காத்தழுத்தம் பாக்குத சுவிட்ச் ஒண்ணு வேணும். அத டெண்டர்லயே வெட்டிட்டாவ"ன்னான். கோடிக்கணக்குல மூளை வாங்கினவனுக்கு மூக்கு வாங்க மனசு வரல பாத்தியா. ஏலத்துல கொறச்சுக் கேட்டவனுக்கு வேலையக் குடுத்தா அவன் எங்கயாவது ஒரு எலும்ப உருவத்தான செய்வான்.

அந்தப் பையனப் பத்தி இன்னும் கொஞ்சம் கேளு. நீ பாடம் படிக்க வேண்டிய ஆளு அவன்தான். தூத்துக்குடிப் பக்கம். காண்டிராக்டர் மூலமா வந்தவன். ஏழாவது மாடியில ஒரு மேனேஜர் அம்மா போன் பண்ணி, "இங்க வேகுது"ம்பாவ. இவன் ஓடிப்போய் பேனல்ல ஆட்டோவுல இருக்குத சுவிட்ச மேனுவலுக்குத் திருப்புவான். கூலாயிரும். மறுபடி யாரு ஆட்டோவுக்குத் திருப்ப? ஒருத்தனும் திருப்ப மாட்டான். இப்படியே ஒவ்வொண்ணாத் திருப்பி, நான் சேந்த நேரம் அந்தக் கட்டடமே மேனுவல்லதான் ஓடிச்சு. டிவியில மட்டும் ஆட்டோ.

"ஏம்டே இப்படிப் பண்ணுத?"ன்னேன். அவன் சொன்னத நீ நோட்டுல எழுதி வச்சுக்கோ. "தாத்தா, ஆட்டோவுல விட்டு ஏசி நின்னுபோனா எனக்கு மெமோ. மேனுவல்ல விட்டு ராத்திரி பூரா ஓடினா கரண்டு பில்லு எவனுக்கோ."

ஒன் வியாபாரம் படுக்கதுக்கு இதுதான் காரணம். அத விட்டுட்டு நீ லேப்டாப்பத் தொறந்து கலர் கலராக் கோடு காட்டுத. ஃபேன் வேகத்தப் பாதியாக் கொறச்சா கரண்டு எட்டுல ஒரு பங்குதான் இழுக்கும்னு எனக்கே காட்டினியே, கணக்கு சரிதான். அந்தக் கட்டடத்துலயும் வேகத்தக் கொறைக்கிற டிரைவ எல்லா ஃபேனுக்கும் மாட்டியிருந்தாவ. மாட்டி, எல்லாத்தையும் 50 ஹெர்ட்ஸ்ல பூட்டி வச்சிருந்தாவ. மூக்கணாங்கயித்த ஆணியில தொங்கவிட்டுட்டு, மாடு தறிகெட்டு ஓடுதுன்னு அழுதா யாருடே கேப்பா?

சரி, நம்ம ஊருக்கு வா. இங்க தோட்டம் வச்சிருக்க எவனையாவது காட்டு, செல்போன்ல மோட்டாரு போடத் தெரியாதவன. கையெழுத்துப் போடத் தெரியாத நம்ம கீழத்தெருக்காரன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள சிம் கார்டச் சொருகி வச்சிருக்கான். படுக்கையில கெடந்தபடியே ஒரு கால் போட்டா கிணத்துல மோட்டாரு ஓடும். மூணு பேஸ் கரண்டு இல்லன்னா அதுவே சொல்லும். தண்ணி வத்திட்டா தானா நின்னுக்கிடும். இத அவன்கிட்ட விக்க எந்தக் கம்பெனியும் பவர்பாயின்ட் போடல. ஏன் வாங்கினான்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்தா டார்ச் லைட்டப் பிடிச்சுக்கிட்டு வரப்புல போவணும். வரப்புல சாரைப்பாம்பு இருக்கும், கண்ணாடி விரியனும் இருக்கும். நடக்கதும் அவன், பயப்படுததும் அவன், காசு போடுததும் அவன், பட்டனத் தட்டுததும் அவன். நாலும் ஒரே ஆளு.

(கரண்டு 1990-லேருந்து விவசாயிக்கு இலவசமாச்சே, சும்மா வாரதுன்னு ஆட்டோ ஸ்டார்ட்டரப் போட்டுட்டுத் தூங்கி, கிணத்த வறட்டிப் போட்டவனும் உண்டு. நானும் ரெண்டு வருசம் அந்தக் கூட்டத்துல இருந்தேன். சவத்த விடு, அது வேற வழக்கு.)

ஒன் கட்டடத்துல அந்த நாலு ஆளையும் ஒரு எடத்துல நிறுத்திக் காட்டு பாப்போம். கட்டுதவன் பில்டரு. கட்டி, வித்து, அடுத்த மனைக்குப் போயிருவான். அவனுக்குச் சதுர அடி விலைதான் கணக்கு. கரண்டு பில்லு கட்டுதவன் வாடகைக்கு வந்த கம்பெனி. மூணு வருசமோ அஞ்சு வருசமோ கழிச்சு ஓடப்போறவன் அடுத்தவன் சுவத்துல காசப் பதிப்பானா? சுவிட்சத் தொடுதவன் தூத்துக்குடிப் பையன். வேர்க்குதவன் ஏழாவது மாடிக்காரி. நாலு மாட்ட நாலு தெசையில பூட்டின வண்டிக்கு நீ ஜிபிஎஸ் விக்க அலையுத.

இந்த வித்தையே வேர்த்தவன் கண்டுபிடிச்சதுதானடே. அமெரிக்காவுல ஒயிட்வாட்டருன்னு ஒரு ஊரு, வாரன் ஜான்சன்னு ஒரு வாத்தியாருன்னு நீதான சொன்ன? வகுப்பு சூடா இருக்கா குளுந்திருக்கான்னு பாக்க ஆளு ஒருத்தன் உள்ள வந்து வந்து போவான், பாடம் கெடும். எரிச்சல் பட்ட வாத்தியாரு கீழ அடுப்பறையில மணியடிச்சுச் சொல்லுத மாதிரி ஒரு கருவியச் செஞ்சு 1883-ல பேட்டன்ட்டு வாங்கினாரு. பொறவு மில்வாக்கியில கம்பெனியே தொறந்தாரு. எரிச்சல் பட்டவரே செஞ்சாரு, அதனால நின்னுச்சு. ஒன் சரக்குல எரிச்சல் யாருக்குன்னு சொல்லு.

அந்த ஏழாவது மாடி அம்மாவுக்குப் பொறவு ஒரு வைத்தியம் பாத்தாவ. அவுக கேபின்ல பளபளன்னு தெர்மோஸ்டாட் ஒண்ண மாட்டினாவ. பட்டனத் தட்டினா 24, 22, 18-ன்னு எறங்கும். அன்னையிலேருந்து புகாரே வரல. வயரு? வயரு சீலிங்குக்கு மேல போய் அங்கயே முடிஞ்சிபோச்சு. எதோடயும் சேரல. ஒரு டிகிரி கூட்டி வச்சா ஆறு சதவீதம் கரண்டு மிச்சம்னு சர்க்காரு ஊரெல்லாம் சொல்லி, 2020-லேருந்து வார வீட்டு ஏசியெல்லாம் 24-லயே தொடங்கணும்னு உத்தரவு போட்டுச்சே, அந்தப் புண்ணியம் இந்தப் பொய்ப் பொட்டிக்கும் கொஞ்சம் சேரும்.

பாஷைச் சண்டை வேற. சில்லரு ஒரு கம்பெனி, லிஃப்டு ஒண்ணு, தீயணைப்பு இன்னொண்ணு. ஒண்ணு பேசுதது ஒண்ணுக்குப் புரியாது. எல்லாருக்கும் பொதுவா ஒரு பாஷை வேணும்னு 1987-ல கமிட்டி போட்டு, 1995-லதான் பேக்நெட்டுன்னு ஒண்ணக் கொண்டாந்தாவளாம். எட்டு வருசப் பஞ்சாயத்து! அதுக்குப் பொறவும் பாரு, நாங்க இருந்த கட்டடத்துல பராமரிப்புப் பாக்குத ஏஎம்சி கம்பெனிய மாத்துனோம். புதுசா வந்தவன் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பேந்தப் பேந்த முழிக்கான். பாஸ்வேர்டு பழையவன்கிட்ட. பழையவன் போன எடுக்க மாட்டேங்கான். மருமவ பொறந்த வீட்டுக்குப் போறப்ப பீரோச் சாவியக் கொண்டுபோன கதை. கடைசியில அவனையே கூப்பிட்டு, கேட்ட காசக் குடுத்தாவ. அடுத்து மூளை வாங்கச் சொன்னா அந்த மொதலாளி ஒன்ன வெளக்குமாத்தாலதான் வரவேப்பான்.

இன்னொரு பயமும் அந்த மொதலாளிக்கு உண்டு, அது நியாயமான பயம். 2013-ல அமெரிக்காவுல டார்கெட்டுங்கிற பெரிய கடையில கள்ளன் உள்ள வந்தது ஏசி வேலை பாக்குத காண்டிராக்டரோட பாஸ்வேர்ட வச்சுத்தான். நாலு கோடிப் பேரு கார்டு விவரம் போச்சு. நான் ராத்திரி பூரா கேட்டுல தடியோட நின்னேன், எவன் கேட்டு வழியா வாரான்?

கரண்டு மிச்சம் பிடிக்கச் சட்டம் இருக்கேன்னு கேப்ப. இருக்கு. 2007-ல மத்திய சர்க்காரு விதிப்புஸ்தகம் போட்டுச்சு, 2017-ல திருத்துச்சு, 100 கிலோவாட்டுக்கு மேல லோடு உள்ள வியாபாரக் கட்டடத்துக்குன்னு. சட்டத்துக்காக மாட்டுதவன் இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு ஆட்டோவுல வைப்பான். மறுநா பையன் திருப்பிருவான்.

அதனால இப்படிச் செய். நாளைக்கு டை கட்டிக்கிட்டு பன்னெண்டாவது மாடிக்குப் போகாத. சட்டைய மாத்திக்கிட்டு பேஸ்மென்ட்டுக்குப் போ. பையனுக்கு டீயும் வடையும் வாங்கிக் குடு. எந்தெந்த சுவிட்ச மேனுவல்ல போட்டு வச்சிருக்க, எதுக்குன்னு ஒவ்வொண்ணாக் கேளு. அவன் சொல்லுதத எழுது. ஆட்டோவுல நின்னா மெமோ இல்லன்னு மொதலாளி கையெழுத்த வாங்கிக் குடுக்க முடியுதான்னு பாரு. முடியாட்டா வடைக்காசுதான் நட்டம்.

சரி, இருட்டிப்போச்சு. மேல பாக்காத. பாக்காதன்னா பாக்குதியே! ஆமா, போன தீவாளிக்கு நீ மாட்டிக் குடுத்த லைட்டுதான். ஆளு வந்தா தானா எரியும்னு சொன்ன. தெருநாய் வந்தா எரியுது, வாழை எலை ஆடினா எரியுது, நான் வெத்தலை போட்டுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தா ஆளில்லன்னு அணைஞ்சிருது. ஒன் ஆச்சிதான் மோடா போட்டு ஏறி அதுக்கு மேல முறுக்கு டப்பாவக் கவுத்து வச்சா. இப்ப உள்ளேருந்து கேக்கா பாரு, அந்தப் பழைய சுவிட்சக் கழட்டி எங்க வச்சேன்னு.