சொக்கரே நடை சாத்துறாரு மாப்ளே

மேலமாசி வீதி வீட்டை வாடகைக்கு விட்டதுலருந்து நீ ராத்திரி தூங்குறதே இல்லையாம்ல மாப்ளே? உங்காத்தா சொல்லி அழுகுது. “ஏந்தாயி அழுகுற? மதுரைக்குப் பேரே தூங்கா நகரம்தான. ஊருப்பேரக் காப்பாத்த ஒருத்தன் முழிச்சுக் கெடக்கான்னு பெருமைப்படு”ன்னேன். அதுக்கும் அழுகுது. என்னத்தச் செய்ய?

நீ ஏர்பிஎன்பில எழுதிப் போட்டிருக்கதப் பேரன் வாசிச்சுக் காட்டுனான். “எந்நேரமும் கூப்பிடலாம். நாங்கள் உங்கள் குடும்பம்.” அடேயப்பா! சொந்தக் குடும்பம் கூப்பிட்டா நாலாவது தடவைக்குத்தான் எடுப்ப. வாடகைக் குடும்பத்துக்கு மட்டும் எந்நேரமுமா? அந்தக் கம்பெனிக்காரனே புக்கிங் உறுதியாகுற வரைக்கும் ஒருத்தர் நம்பர அடுத்தவருக்குக் காட்ட மாட்டான். நீ வாசக்கதவுலயே பெருசா எழுதி வச்சிருக்க, போறவன் வர்றவன் எல்லாம் குறிச்சுக்கிறட்டும்னு. வாடிவாசலத் தொறந்து விட்டதும் நீதான், மாடு வருதுன்னு அலறுறதும் நீதான்.

சரி, நடுச்சாமத்துல கூப்பிட்டு அப்பிடி என்னதான் கேக்குறாய்ங்கன்னு உங்காத்தாகிட்ட விசாரிச்சேன். வைஃபை பாஸ்வேர்டு என்ன. கீசர் சுவிட்சு எங்கிட்டு இருக்கு. மேலமாசி வீதியா, மேலவெளி வீதியா. காலைல நடை எப்பத் தொறப்பாக. இதுல ஒண்ணாச்சும் ராத்திரி மொளச்ச கேள்வியா சொல்லு? எல்லாம் மத்தியானமே பொறந்தது. நீ வெளிச்சத்துல பதில் சொல்லாம விட்டதால இருட்டுனதும் எந்திரிச்சு வருது.

நம்மூரு வீதியெல்லாம் நமக்குத்தானப்பா சுளுவு. கோயிலுக்குள்ள ஆடி வீதி, வெளிய சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு மாசத்துப் பேரா வச்சிருக்கோம். ஒவ்வொண்ணையும் கீழ, மேல, தெக்கு, வடக்குன்னு நாலாப் பிரிச்சு, அதையும் தாண்டி வெளி வீதின்னு ஒண்ணு. பெங்களூர்லருந்து கார் ஓட்டிட்டு வர்ற புள்ள என்னத்தக் கண்டுச்சு? சித்திரை வீதிக்குள்ள வண்டி விடமாட்டாகன்னு அதுக்கு எந்தச் சாமி கனவுல வந்து சொல்லும்? போன் மேப்ப நம்பி வந்து தடுப்புக் கம்பிகிட்ட நின்னுக்கிட்டு உன்னையத்தான் கூப்பிடும்.

அதனால மொத நா சாயங்காலமே நீயா எழுதி அனுப்பு. எதுல வர்றீக, எந்த ஊர்லருந்து வர்றீகன்னு கேளு. கோயம்புத்தூரு பஸ்சுன்னா ஆரப்பாளையத்துல எறக்கி விடுவான், சென்னை பஸ்சுன்னா மாட்டுத்தாவணி. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல சென்னைலருந்து வர்றவன் நம்ம ஜங்ஷன்ல கால் வைக்கிறதே நடுச்சாமம் தாண்டித்தான். அவன்கிட்டப் போயி பத்து மணிக்கு மேல கூப்பிடக் கூடாதுன்னு சட்டம் பேசுனா, பாவம், ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல ராணி மங்கம்மா சத்திரத்துலதான் போயி நிப்பான். அப்பிடிப்பட்ட ஆளுக்கு நம்பர்ப் பூட்டு வச்ச சாவிப்பெட்டி ஒண்ணு வாங்கிச் செவுத்துல அடி. ஒவ்வொரு ஆளு போனதும் நம்பர மாத்து. அதயும் சோம்பேறித்தனத்துல மாத்தாம விட்டுறாத, போன மாசத்து விருந்தாளி இந்த மாசமும் வந்து படுத்துக்கிருவான்.

மங்கம்மான்னதும் ஞாபகம் வருது. 1689ல ஆட்சிக்கு வந்த மகராசி. சாலை போட்டுச்சு, சத்திரம் கட்டுச்சு, வழிப்போக்கனுக்குச் சோறு போட்டுச்சு. ஆனா ஒரு சத்திரத்துலயும் ராணியம்மாவ எந்நேரமும் கூப்பிடலாம்னு எழுதி வைக்கல பாரு. வெவரமான பொம்பள.

நீ என்னடா சொல்லுவ, விருந்தாளிய அப்பிடி விடலாமா மாமான்னு கேப்ப. நம்ம சொக்கரையே எடுத்துக்க. ராத்திரி பத்து மணி வாக்குல பல்லக்குல மீனாச்சி வீட்டுக்குப் போறாரு. பள்ளியறைப் பூசை முடிஞ்சது, நடை சாத்தியாச்சு. காசிலருந்து வந்திருக்கேன்னு நீ கோபுர வாசல்ல கெடந்து உருண்டாலும் காலைல அஞ்சு மணிக்கு மேலதான். மத்தியானமும் பன்னண்டரைலருந்து நாலு வரைக்கும் ஓய்வு. இம்புட்டு வருசமா இதுக்காக யாராச்சும் அவருக்கு ஒரு ஸ்டார் கொறச்சுப் போட்டாய்ங்களா? கூட்டம் ஏறிக்கிட்டேதான போகுது? நேரத்தச் சொல்லிட்டு சாத்துனா எவனும் கோவிக்க மாட்டான். சொல்லாமச் சாத்துனாத்தான் கோவம்.

கோயில்னதும் இன்னொண்ணு. நீயும் லேசுப்பட்ட ஆளு இல்லன்னு கேள்விப்பட்டேன். பதினோரு மணிக்கு ரூமக் காலி பண்ணணும்னு பத்தரைக்கே விருந்தாளிக்குப் போனப் போட்டு விடாம அடிக்கிறியாம், எடுக்கலைன்னு கத்துறியாம். 2018ல வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடிச்சுச்சே, அதுக்குப் பெறகு ஹைகோர்ட்டு மதுரைக் கிளை கோயிலுக்குள்ள செல்போனே கூடாதுன்னு சொல்லிருச்சு. உன் விருந்தாளி போனு அங்கன கவுண்டர்ல கெடந்து கதறுது. அவரு பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்து தெக்குக் கோபுரத்த நிம்மதியாப் பாத்துக்கிட்டு இருக்காரு. உனக்கு ஒரு போன்ல இருக்க ஆத்திரம், ராத்திரில அவருக்கு இருக்கக் கூடாதாக்கும்?

இதெல்லாம் கேட்டுப்புட்டு, சரி மாமா, பத்து மணிக்குப் போன அணைச்சுப் போட்டுர்றேன்னு கெளம்பிராத. நீ அந்தக் கோட்டிக்காரத்தனமும் பண்ணுவ. நம்மூருல வந்து தங்குன கோவலனையும் கண்ணகியையும் கவுந்தியடிகள் மாதரிங்கிற இடைச்சிகிட்டத்தான ஒப்படைச்சாக? அவ வீடு குடுத்தா, அரிசி காய்கறி சட்டிபானை குடுத்தா, தொணைக்குத் தன் மக ஐயையவும் விட்டா. கடைசில அடைக்கலமா வந்த பொண்ணக் காப்பாத்த முடியலையேன்னு தீயில விழுந்துட்டா. சிலப்பதிகாரத்துல இருக்கு, போயிப் படி. வாடகைன்னு சல்லிக்காசு வாங்காதவ. உன்னைய யாரும் தீயில விழச் சொல்லல. நெசமான ஆபத்துக்குப் போன எடுன்னுதான் சொல்றோம்.

அதுக்குப் பேரன் ஒரு சூட்சுமம் காட்டுனான். ‘தொந்தரவு செய்யாதே’ன்னு ஒண்ணு இருக்காம்ல போன்ல. அதப் போட்டுட்டாலும் ஒரே ஆளு மறுபடி கூப்பிட்டா மணி அடிக்கிறதுக்கு வழி வச்சிருக்கான். ஐபோன்னா மூணு நிமிசத்துக்குள்ள, ஆண்ட்ராய்டுன்னா பதினஞ்சு நிமிசத்துக்குள்ள ரெண்டாவது தடவ கூப்பிடணும். பாஸ்வேர்டு கேக்குறவன் ஒரு தடவ அடிச்சுப் பாத்துட்டு மெசேஜ் போட்டுருவான். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவன் வீட்டுக்காரி விடாம அடிப்பா. அந்த வித்தியாசத்த நீ பிரிக்க வேணாம், போனே பிரிச்சுக் குடுத்துரும். வாடகைக்குன்னு தனியா ஒரு சிம்மு வாங்கி அதுல வாட்ஸப் பிசினஸ் போட்டுக்க, காசு கெடையாது. ராத்திரில மெசேஜ் வந்தா, “காலைல ஆறு மணிக்குப் பேசுறேன், அவசரம்னா ரெண்டு தடவ கூப்பிடுங்க”ன்னு அதுவே பதில் போட்டுரும். காசு கணக்கு, ரத்து, தகராறு மட்டும் ஏர்பிஎன்பி மெசேஜ்லயே பேசு. நாளப்பின்ன பிராது வந்தா எழுத்து நிக்கும். போன்ல பேசுனத எவன் ஒத்துக்கிருவான்?

செவுத்துல ஒரு அட்டை மாட்டு. ஆம்புலன்சு 108, போலீசு உள்பட எல்லா அவசரத்துக்கும் 112, கரண்டு போனா மின்னகம் 94987 94987. கரண்டு போனதும் உன்னையக் கூப்பிடுறாய்ங்களே, நீ என்ன டிரான்ஸ்பார்மர்லயா குடியிருக்க? வைஃபை, கீசரு, ராத்திரி எந்தத் தெருவுல கறிதோசை கெடைக்கும், எல்லாம் அதுலயே எழுது. தமிழ்லயும் எழுது, இங்கிலீசுலயும் எழுது, இந்திலயும் எழுது. ராமேஸ்வரம் போற வடக்கத்தி ஆளுக பாதிப் பேரு நம்மூருல தங்கித்தான் போறாக. வெள்ளைக்காரன் வந்தா பாஸ்போர்ட்ட வாசல்லயே வாங்கிப் படம் புடிச்சிரு. வந்த 24 மணி நேரத்துக்குள்ள அவன் வெவரத்த ஆன்லைன்ல சர்க்காருக்கு ஏத்தியாகணும். இல்லாட்டி நடுராத்திரி நீதான் அவனைக் கூப்பிட்டு எழுப்புவ.

இம்புட்டுக்கும் மூலம் என்ன தெரியுமா? சர்க்கார் வச்சிருக்க தங்கல்-காலைச்சாப்பாடு திட்டத்துல ஆறு ரூம் வரைக்கும் விடலாம், ஆனா வீட்டுக்காரன் குடும்பத்தோட அதே வீட்டுல குடியிருக்கணும்னு சொல்லிருக்காக. கிறுக்குப்பய சட்டமில்ல அது. வீட்டுக்காரன் பக்கத்து ரூம்ல குறட்டை விடுறது கேட்டா எவன் போன் பண்ணுவான்? நீ அண்ணாநகர்ல ஏசியப் போட்டுப் படுத்துக்கிட்டு, மாசி வீதில ஒரு நம்பர மட்டும் குடி வச்சிருக்க. வீட்டக் காக்க அந்த வீதியிலேயே ஒரு ஆளப் புடி. டீக்கடைக்காரரு, இஸ்திரி போடுறவரு, யாராச்சும். மாசம் ஒரு தொகையக் குடு. குடுக்கணும்னதும் மூஞ்சி சுருங்குது பாரு. வள்ளுவர் விருந்துக்குன்னு ஒரு அதிகாரமே எழுதி, அதுல விருந்தாளி முன்னால மூஞ்சி கோணக் கூடாதுன்னு கவலப்பட்டாரு. போன்ல மூஞ்சி தெரியாதுங்கிற தைரியத்துலதான் நீ ஓட்டிக்கிட்டு இருக்க.

சரி, அது கெடக்கட்டும். வந்த விசயத்தச் சொல்றேன். சித்திரைல அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கி மாசி வீதி வீட்ட எவனுக்கும் விட்டுறாத. நம்ம கிராமத்துலருந்து ஒரு வேன் ஆளுக வர்றோம். ஆடு ஒண்ணும் கூட வரும், மொட்டை மாடில கட்டிக்கிறோம். நாங்க உன்னையப் போன் பண்ணித் தொல்லை பண்ண மாட்டோம். வேன் வர்றதுக்கு ரெண்டு மணி ஆனாலும் சரி, மூணு ஆனாலும் சரி, நேரா அண்ணாநகர் வந்து கதவத் தட்டிச் சாவிய வாங்கிக்கிறோம்.