சிகாகோ ஆற்றுக்கு ரிவர்ஸ் கியர்

விவேகானந்தர் 1893-ல் சகோதர சகோதரிகளே என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கிய ஊர். நம்மில் பலருக்குச் சிகாகோ என்றால் இவ்வளவுதான். அவர் மேடையில் சமயங்களுக்குள் சமரசம் செய்துகொண்டிருந்த நாட்களில், ஊருக்கு வெளியே ஒரு பட்டாளம் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தது. ஓடுகிற ஆற்றைப் பின்பக்கமாக ஓடவைக்கும் திட்டம் அது. காரணத்தில் ஆன்மிகம் எதுவும் இல்லை. சாக்கடைதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். மிச்சிகன் ஏரிக்கரையில், ஏரி மட்டத்துக்குச் சில அடி உயரத்தில், சதுப்பு நிலத்தில் மனை போட்டு விற்ற ஊர் சிகாகோ. தண்ணீர் வடிய வாட்டமே கிடையாது. மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. சேற்றுக்கு மேல் தலை மட்டும் தெரிந்த ஒருவருக்குக் கைகொடுக்கப் போனார்களாம். "வேண்டாம், எனக்குக் கீழே குதிரை இருக்கிறது" என்றாராம் அவர். ஊரே சொல்லிச் சிரித்த கதை. 1854-ல் காலரா வந்து நூற்றுக்கு ஐந்தாறு பேரைக் கொண்டுபோனதும் சிரிப்பு நின்றது.

மறுவருடம் பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற எஞ்சினியரை வரவழைத்தார்கள். அவர் மட்டம் பிடித்துப் பார்த்தார். பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தால் தண்ணீர் ஆற்றுக்குப் போகாது, ஆறுதான் வீட்டுக்கு வரும். ஆகவே குழாயைத் தெருவின் மேலேயே போடுவது, அதன்மேல் மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்துவது என்று முடிவானது. சில இடங்களில் பத்தடி வரை. மழைநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து ஒரே குழாய், செலவு மிச்சம். இந்த ஒரே குழாயை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வில்லன் அதுதான்.

தெரு உயர்ந்ததும் கடைகளெல்லாம் குழிக்குள் போய்விட்டன. சரி, கட்டடத்தையும் தூக்குவோம் என்றார்கள். இன்று நம்மூரில் ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தினால் தெருவே வேடிக்கை பார்க்கிறது. 1860-ல் லேக் ஸ்ட்ரீட்டில் வரிசையாக நின்ற கடைகளை மொத்தமாகத் தூக்கினார்கள். எடை சுமார் 35,000 டன். 600 ஆட்கள், 6,000 ஜாக்கிகள். ஆளுக்குப் பத்து ஜாக்கி. சைகை கிடைத்ததும் எல்லோரும் ஒன்றாகத் திருக வேண்டும். உள்ளே வியாபாரம் பாட்டுக்கு நடந்தது. மறுவருடம் டிரெமான்ட் ஹவுஸ் என்ற ஹோட்டலை விருந்தாளிகளோடு ஆறடி உயர்த்தினார்கள். தினமும் வாசற்படி செங்குத்தாகிக்கொண்டே போகிறதே என்று ஒருவர் மட்டும் குழம்பினாராம். இந்தத் தூக்கல் தொழிலில் காசு பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் புல்மன். பின்னாளில் ரயிலில் தூங்கும் பெட்டி விட்டவர். தூங்குகிறவர்களை எழுப்பாமல் நகர்த்தும் கலை அவருக்கு இங்கேயே கைவந்திருக்கும்.

ஊர் உயர்ந்தது. சாக்கடை ஆற்றுக்குப் போனது, ஆறு ஏரிக்குப் போனது. குடிநீர் எங்கிருந்து? அதே ஏரியிலிருந்து. குழாயைத் திறந்தால் குட்டி மீன் வந்தது. சைவர்கள் பாடு திண்டாட்டம். செஸ்ப்ரோ ஏரியின் அடியில் இரண்டு மைல் சுரங்கம் போட்டு, 1867 முதல் தொலைவிலிருந்து தண்ணீர் எடுத்தார். குடிநீர் முன்னால் ஓட, சாக்கடை விடாமல் துரத்தியது. 1885 ஆகஸ்டில் பேய்மழை. அதைத் தொடர்ந்து 90,000 பேர் செத்தார்கள் என்று பின்னாளில் ஒரு கணக்கு உலவியது. அப்படியானால் ஊரில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் போயிருக்க வேண்டும். ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அப்படியொரு கொள்ளைநோயே அகப்படவில்லை. சாவு பொய், பயம் மட்டும் நிஜம்.

அந்தப் பயத்துக்கு மருந்து ஊருக்கு மேற்கே இருந்தது. ஒரு சின்ன மேடு. அதற்கு அந்தப் பக்கம் விழுகிற மழை மிசிசிப்பிக்குப் போகும். மேட்டை வெட்டிவிட்டால் ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்து, சாக்கடையைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கமே போய்விடும். வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுகிற அதே வேலை. 45 கிலோமீட்டர் கால்வாயாக வெட்டினால் அதற்குப் பெயர் பொறியியல் சாதனை.

பக்கத்து வீடு, மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ். அவர்கள் கோர்ட்டுக்குப் போகத் தயாராகிறார்கள் என்று மோப்பம் பிடித்த கால்வாய் வாரியத்தார், 1900 ஜனவரி 2-ஆம் தேதி விடிகாலையில் திருட்டுத்தனமாக, ஆற்றுக்கும் கால்வாய்க்கும் நடுவே விட்டிருந்த கரையை உடைக்கப் போனார்கள். ரிப்பன் இல்லை, மாலை இல்லை, தலைவர் உரை இல்லை. அரசுத் திட்டங்களின் வரலாற்றிலேயே அபூர்வம். உறைந்த மண்ணில் மண்வெட்டி எடுபடவில்லை. கடைசியில் தூர்வாரும் இயந்திரம்தான் காரியத்தை முடித்தது. ஆறு திரும்பியது.

மிசௌரி வழக்குப் போட்டது. 1906-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. டைபாய்டு கிருமி சிகாகோவிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, மிசௌரி ஊர்களும் தங்கள் சாக்கடையை அதே ஆற்றில்தான் விட்டுக்கொண்டிருந்தன.

ஆறு திரும்பியும் வில்லன் திருந்தவில்லை. இறைச்சித் தொழிற்சாலைக்காரர்கள் ரத்தத்தையும் குடலையும் கொட்டிய, அந்த ஆற்றின் கிளையோடை ஒன்றுக்கு 'பப்ளி கிரீக்' என்றே பெயர். அடியில் அழுகியதிலிருந்து வாயு கிளம்பிக் குமிழி குமிழியாக வரும். 1971-ல் அந்தத் தொழிலுக்கான கால்நடைத் தொழுவங்களை மூடிய பிறகும் குமிழி நிற்கவில்லை. ஓடையின் தலைமாட்டில் கழிவுநீரேற்று நிலையம் ஒன்று இருக்கிறது. பெருமழை வந்து ஒரே குழாய் நிரம்பிவிட்டால், மழையும் மலமும் கலந்து அங்கேதான் வந்து விழும். ஓடையை மீட்கத் திட்டம் போடுகிறவர்களின் தலைவலியே இதுதான். சாக்கடை வந்துகொண்டேயிருந்தால், மேலே செடி வைத்து என்ன பயன்?

இந்த வழிசலைத் தடுக்கத்தான் 1975-ல் 'டீப் டனல்' வேலையைத் தொடங்கினார்கள். பாறைக்குள் 175 கிலோமீட்டர் சுரங்கம், சில இடங்களில் 300 அடி ஆழம். வழிந்து வருவதை அங்கே பிடித்து வைத்து, மழை நின்றதும் சுத்திகரிக்க வேண்டும். 2006-ல் சுரங்கம் முடிந்தது. அதோடு சேர்ந்த நீர்த்தேக்கங்களின் வேலை அதற்குப் பிறகும் நீண்டது. இதுவரை ஆன செலவு 300 கோடி டாலருக்கு மேல். 1855-ல் இரண்டு குழாய்க்குப் பதில் ஒன்று போட்டு மிச்சம் பிடித்ததற்கு வட்டி இது.

உங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குள் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவறைக் குழாயைச் சொருகியிருந்தால், இன்றைக்கே மாநகராட்சியில் புகார் கொடுங்கள். அதை மூட ஒரு கொத்தனார் போதும். விட்டுவைத்தால், பேரன் காலத்தில் பாறையைக் குடைய வேண்டியிருக்கும்.