மீதி அஞ்சு மாடி

பீடோரில் வண்டியை நிறுத்திக் கொய்யாவும் பெத்தாயும் வாங்காமல் எவன் வீடு திரும்புகிறான்? போன ஞாயிறு நாங்களும் நிறுத்தினோம். கட்டுக் கட்டாகத் தொங்கிய பெத்தாயைப் பார்த்து, "இதத் தின்னா மறுநாள்வரைக்கும் ஏன் வாடை போகமாட்டேங்குது?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். பின்சீட்டில் என் மகன் கைப்பேசியைத் தடவினான். "சல்ஃபர்ப்பா." முடிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்த கடைக்காரம்மா வாயை மூடிக்கொண்டு சில்லறையை எண்ணப் போய்விட்டார். அவர் சொல்லவந்தது என்ன? அதைக் கைப்பேசி சொல்லுமா?

ஒரு கேள்வியை இந்தப் பிள்ளைகள் இரண்டு நிமிடம் உயிரோடு விட்டுவைப்பதில்லை.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு நிற்பவர்களிடம், "விடியக்காலையில மட்டும் ஏன் பால் இப்படி ஊறுது?" என்பார். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் சுணங்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1877இல் கோலக்கங்சாரில் நட்ட முதல் கன்றுகளின் கதைவரை படித்து வைத்திருந்தவர். ஆனால் வெட்டுக்காரக் கிழவி என்ன சொல்கிறாள் என்பதல்லவா வேண்டும்! "மரம் தூங்கறப்பதானே ஐயா திருட முடியும்" என்றாள் ஒருத்தி. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அப்பா வருஷக்கணக்கில் பசியாறினார்.

அவரைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குமுன் தெலுக் இந்தான் கோபுரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இது விளங்காது.

1885இல் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் கட்டியது. சாய்ந்து நிற்கிறது என்பதற்காக ஊர் உலகமெல்லாம் வந்து படம் பிடிக்கிறது. அப்பாவுக்குச் சாய்வு பொருட்டே இல்லை. "கீழ மெத்து மண்ணு, மேல தண்ணித் தொட்டி. சாயாம என்ன செய்யும்?" அவர் கவலை மாடி. வெளியே நின்று எண்ணினால் எட்டு. உள்ளே ஏறினால் மூன்று. "அப்ப மீதி அஞ்சு எங்கடா போச்சு?"

காவலாளியைக் கேட்டார். அழகுக்கு அப்படிக் கட்டியது என்றார் அவர். அழகுக்காக அஞ்சு மாடியை எவனாவது தொலைப்பானா? கோப்பிக்கடைத் தவுக்கேயைக் கேட்டார். அது பேய்க்கு விட்டது என்று பதில் வந்தது. இது கொஞ்சம் பரவாயில்லை என்றார் அப்பா. பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டரைக் கேட்டார். டாக்டர் மயக்க மருந்தைக் கூட்டினார். 1982இல் தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனபோது, "பேர மாத்துறவங்க அந்த அஞ்சையும் தேடிப்புட்டு மாத்தியிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். பக்கத்து வீட்டுச் சாவில்கூட, பாடை கட்டுகிற ஆள் கொஞ்சம் ஓய்ந்து உட்கார்ந்ததும் நைசாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா கட்டடக் குத்தகைக்காரர். விடுவாரா என் அப்பா? பலகாரத் தட்டு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "நீங்க இந்தத் தொழில்ல இருக்கீங்க. எட்டு மாடின்னு காட்டி மூணு மாடி மட்டும் கட்டினா, மீதி அஞ்சு எங்க போகும்? நீங்களே சொல்லுங்க."

கூடம் அமைதியானது. பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்தது. யார் என்ன சொன்னார்கள் உங்களிடம், எந்த வேலையில் சிமெண்டு குறைந்தது என்று எழுந்துவிட்டார். அப்பாவோ சிமெண்டு என்றதும் ஆர்வமாகி, "அந்தக் காலத்தில சிமெண்டு இருந்திச்சா?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் எப்படியோ நடந்தது. மாமனார் அதற்குப் பிறகு இத்தாலிவரை போய்ப் பிசா கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இங்கே இருக்கிற தெலுக் இந்தானுக்குக் கூப்பிட்டால் மட்டும் இன்றைக்கும் முட்டி வலிக்கிறது என்கிறார்.