நாற்காலி கொடுக்கலாம், ஆள் கொடுக்கக்கூடாது

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்தியத் தேர்தல் ஆணையம்,
இந்திய தேசிய காங்கிரஸ்,
புது தில்லி.

அனுப்புநர்:
வாடகை நாற்காலிக்காரன்,
சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.

பொருள்: 2022 அக்டோபர் 17 அன்று நடந்த கட்சித் தலைவர் தேர்தலில் நாற்காலிகள் தொடர்பாகவும், 'செல்லாத ஓட்டு' என்னும் வேட்பாளர் தொடர்பாகவும்.

ஐயா,

இந்தக் கடிதம் இத்தனை காலம் தாமதமானதற்கு முகவரிதான் காரணம். அக்பர் சாலை 24 என்று எழுதி உறையை ஒட்டி வைத்திருந்தேன். 2025 ஜனவரியில் நீங்கள் கோட்லா சாலைக்குக் குடிபோய்விட்டீர்கள். புதுக் கட்டடத்துக்கு இந்திரா பவன் என்று பெயராம். எங்கள் ஊரில் உங்கள் மாநிலக் கமிட்டி அலுவலகத்தின் பெயரும் இந்திரா பவன்தான். உறையில் அதை மட்டும் எழுதினால் எங்கள் தபால்காரர் சாஸ்தமங்கலம் பக்கமே கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அங்கே கொடுத்த கடிதம் தில்லிக்குப் போய்ச் சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதனால் ஸ்பீட் போஸ்ட்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாமியானா, நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடுவது என் தொழில். என் தாத்தா நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்தபோது நாகர்கோவிலும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. ஆகையால் தான் ஊர்விட்டு ஊர் வந்ததாக அவர் கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. இந்த ஊரில் எல்லாக் கட்சிக்கும் நாங்கள் நாற்காலி போட்டிருக்கிறோம். கூட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் பேப்பர் பார்ப்பதில்லை, வண்டியில் திரும்பி வரும் நாற்காலியைப் பார்ப்பேன். ஆள் உட்கார்ந்த நாற்காலி கோணல்மாணலாக வரும். உட்காராதது போனபடியே அடுக்குக் கலையாமல் வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு நீங்கள் வெளியிட்ட நெறிமுறைகளை என்னைப் போல ரசித்துப் படித்தவர் இந்தியாவில் இருக்க மாட்டார். மாநிலத் தலைவர்கள் எந்த வேட்பாளருக்கும் பிரசாரம் செய்யக்கூடாது, செய்வதானால் பதவியை விட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று ஒரு விதி. வேட்பாளரின் ஆதரவாளர்கள் கூட்டம் நடத்த மாநிலத் தலைவர் அரங்கு தரலாம், நாற்காலி தரலாம், மைக்செட் தரலாம், ஆனால் தானே கூட்டத்தைக் கூட்டக்கூடாது என்று இன்னொரு விதி. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு கட்சி தன் உட்கட்சி ஜனநாயகத்தில் நாற்காலிக்கு ஒரு வரி ஒதுக்கியது கண்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாற்காலி கொடுக்கலாம், ஆள் கொடுக்கக்கூடாது. என் தொழிலின் தர்மமும் இதேதான்.

போட்டியிட்ட இருவரில் ஒருவரான சசி தரூர் இந்த விதியை அப்படியே நம்பிவிட்டார். எங்கள் எம்.பி. ஆயிற்றே, ஐ.நா.வில் வேலை பார்த்தவர், எழுதியிருந்தால் நடக்கும் என்று நினைக்கிற பழக்கம். தன் ஊர் இந்திரா பவனுக்கு ஓட்டுக் கேட்டுப் போனார். அங்கே நாற்காலி போட்டது நானில்லை, அதனால் கணக்குச் சொல்ல முடியாது. பெரிய தலைவர்கள் வரவில்லை, அவர்களை எதிர்பார்க்கவும் இல்லை என்று அவரே சொன்னார். சென்னை சத்தியமூர்த்தி பவனுக்குப் போனபோதும் விரல்விட்டு எண்ணுகிற கூட்டம்தான். நான் போனால் மாநிலத் தலைவர்கள் ஊரில் இருப்பதில்லை, எதிர் வேட்பாளர் கார்கே போனால் வரிசையாக நின்று வரவேற்கிறார்கள் என்று பிறகு வாய்விட்டே சொன்னார். இதில் விதிமீறல் எங்கே இருக்கிறது, ஐயா? ஊரில் இல்லாமல் இருப்பது பிரசாரம் ஆகாது.

கேரளத்துத் தலைவர்கள் விதியை இன்னும் நுட்பமாக அனுசரித்தார்கள். அப்போதைய மாநிலத் தலைவர் கே. சுதாகரன் முதலில் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார். சில நாளிலேயே அவருடைய மனசாட்சி கார்கே பக்கம் என்று தெரிந்துவிட்டது. ரமேஷ் சென்னித்தலாவும் கார்கே பக்கம். தில்லியை விட்டுத் திருவனந்தபுரத்துக்கே திரும்பி ஓய்வெடுக்க வந்த ஏ.கே. அந்தோணி, மறுபடி தில்லிக்குப் போய்க் கார்கேயின் மனுவில் முன்மொழிந்தவராகக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் 'ஏ குரூப்', 'ஐ குரூப்' என்று இரண்டு குரூப் உண்டு, அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. இந்த ஒரு தேர்தலில் ஒத்துப்போனார்கள். ஒற்றுமை கொண்டுவந்தவர் என்ற முறையிலாவது தரூருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

கட்சியில் உட்கட்சித் தேர்தல் வேண்டும், சீர்திருத்தம் வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் இருபத்துமூன்று பேர் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதினார்களே, அதில் தரூரும் ஒருவர். தேர்தல் வந்ததும் அந்த இருபத்துமூன்றில் பலர் தரூரை விட்டுவிட்டுக் கார்கேயின் மனுவில் கையெழுத்திட்டார்கள். கல்யாணம் வேண்டும் வேண்டும் என்று தரகரை விரட்டியவர்கள், மாப்பிள்ளை வந்ததும் எதிர்வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. அந்தப் பந்திக்கு நாற்காலி போட்டவன் கண்ணில்தான் இதெல்லாம் படும்.

நாற்காலி என்றதும் ஜெய்ப்பூர் ஞாபகம் வருகிறது. முதலில் வேட்பாளர் என்று ஊரே பேசியது அசோக் கெலாட்டைத்தான். அவர் தலைவரானால், அப்போது அவர் உட்கார்ந்திருந்த ராஜஸ்தான் முதல்வர் நாற்காலி சச்சின் பைலட்டுக்குப் போய்விடுமோ என்று, செப்டம்பர் 25 அன்று அவருடைய எம்.எல்.ஏ.க்கள் கட்சி கூட்டிய கூட்டத்துக்குப் போகாமல் ஒரு மந்திரி வீட்டில் கூடிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து கெலாட் சோனியாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போட்டியிலிருந்து விலகினார். உண்மையான போட்டி அதுதான், ஐயா. வேட்புமனு இல்லை, வாக்குச்சீட்டு இல்லை, ஆனால் எல்லாரும் ஜெயிக்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள். அகில இந்திய நாற்காலி பெரிதாக இருக்கலாம், ஜெய்ப்பூர் நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தது. அடுத்து மனுப் படிவம் வாங்கிய திக்விஜய் சிங், கார்கே நிற்கிறார் என்றதும் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார். ஜார்க்கண்டிலிருந்து கே.என். திரிபாதி ஒரே ஒரு மனு போட்டார், அது கையெழுத்துச் சரியில்லை என்று போயிற்று.

இனி வாக்குச்சீட்டு. விருப்பமான வேட்பாளர் பெயருக்கு எதிரே '1' என்று எழுதுங்கள் என்பது உங்கள் முதல் உத்தரவு. சீட்டில் முதலாம் எண் கார்கே, இரண்டாம் எண் தரூர். '1' போடு என்று சொன்னால் ஒன்றாம் நம்பருக்குப் போடு என்றுதானே பாதிப் பேர் புரிந்துகொள்வார்கள் என்று தரூர் தரப்பு முறையிட்டது. நீங்களும் பெருந்தன்மையாக, சரி, டிக் போடுங்கள் என்று மாற்றினீர்கள். இந்த ஒரு திருத்தத்துக்காக நான் உங்களை மெச்சுகிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கட்சியில் பல வருஷம் இருந்து, க்யூஆர் கோடு போட்ட அடையாள அட்டை வாங்கி, 'பிரதிநிதி' என்று பெயர் எடுத்து ஓட்டுரிமை பெற்ற ஒருவர், '1' என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுவார் என்று இரண்டு தரப்பும் ஒருமனதாக நம்பினீர்களே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

வந்த இடம் சரிதான் என்று எண்ணிக்கை காட்டிவிட்டது. பதிவானவை 9,385. கார்கே 7,897. தரூர் 1,072. செல்லாதவை 416.

இந்த 416 பேரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. மீதி எண்கள் யாருக்கும் ஆச்சரியம் தரவில்லை. தரூர் நூறு ஓட்டாவது வாங்குவாரா என்று இங்கே டீக்கடையில் பந்தயம் கட்டியவர்கள் உண்டு, ஆயிரத்தைத் தாண்டியதும் பந்தயக்காரர்கள் அவரைவிடச் சந்தோஷப்பட்டார்கள். 2019-இல் எங்கள் தொகுதியில் 99,989 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவர், லட்சத்துக்குப் பதினொன்றுதான் குறைச்சல். அதே ஆளுக்கு இந்தியா முழுக்க உங்கள் கட்சியில் 1,072. ஊரில் செலாவணியாகும் நோட்டு அலுவலகத்தில் செலாவணியாகாது என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் 416?

பழைய கணக்கைத் தேடினேன். 2000-இல் சோனியா காந்திக்கு எதிராக ஜிதேந்திர பிரசாதா நின்றார். சோனியாவுக்கு 7,448, பிரசாதாவுக்கு 94, செல்லாதவை 229. ஆக அந்தத் தேர்தலில் இரண்டாம் இடம் செல்லாத ஓட்டுக்குத்தான். அதற்கு முன் 1997-இல் சீதாராம் கேசரி, சரத் பவார், ராஜேஷ் பைலட் என்று மும்முனைப் போட்டி, பைலட் வாங்கியது 354. அவரையும் 2022-இன் செல்லாத ஓட்டு தாண்டிவிட்டது. முன்மொழிய ஒருவரும் இல்லாமல், படம் போட்ட தேர்தல் அறிக்கை இல்லாமல், ஒரு மாநிலத் தலைவரின் வாசலிலும் நிற்காமல் இத்தனை ஓட்டு வாங்கிய இந்த வேட்பாளரை ஆணையம் கண்டுகொள்ளாமல் இருப்பது நியாயமில்லை. டிக் போடத் தெரியாதவர்கள் என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பக்கம் போட்டால் மனசு கேட்காது, அந்தப் பக்கம் போட்டால் எப்படியும் தெரிந்துவிடும் என்று பயந்தவர் என்ன செய்வார்? பேனா கொஞ்சம் வழுக்கும்.

எப்படியும் தெரிந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது என்பதற்கு நீங்களே சாட்சி. எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லா மாநிலச் சீட்டுகளையும் தில்லியில் கொட்டிக் கலந்தீர்கள். மிக்ஸியில் சட்னி அரைப்பது போல. இதற்கு முன் தரூர் தோற்ற பெரிய தேர்தல் 2006-இல், ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்கு. அங்கே கடைசிச் சுற்றில் நிரந்தர உறுப்பு நாடுகளுக்குத் தனி நிறச் சீட்டு. பத்து பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு, அந்த மூன்றில் ஒருவர் வீட்டோ உள்ளவர் என்று உடனே தெரிந்துவிட்டது. தரூரும் ஒதுங்கிவிட்டார். வீட்டோ வைத்திருப்பவர்கள்கூடத் தங்கள் சீட்டின் நிறம் தெரிந்தால் தெரியட்டும் என்று இருந்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பிரதிநிதிக்குக் கலவை வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை அன்று, உத்தரப் பிரதேசத்தில் பெட்டிகளின் சீல் அதிகாரபூர்வமானதல்ல, உள்ளே சம்பந்தமில்லாத ஆட்கள் இருந்தார்கள் என்று தரூர் தரப்பு உங்களுக்கு எழுதிய கடிதம் வெளியே கசிந்துவிட்டது. எங்கள் முன்னால் ஒரு முகம், மீடியா முன்னால் ஒரு முகம் காட்டுகிறீர்கள் என்று நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள். சீல் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு முகம் என்ற குற்றச்சாட்டைக் கேட்டு, மாநிலத் தலைவர்கள் யாரும் தும்மக்கூட இல்லை என்பதைக் கவனித்தேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். மற்ற கட்சிகளில் எனக்கு இந்தக் கணக்குப் பார்க்கும் வேலையே வருவதில்லை. உங்கள் மனு வாபஸ் நாளுக்கு மறுநாள், அக்டோபர் 9 அன்று, சென்னையில் தி.மு.க. தலைவராக ஸ்டாலின் போட்டியின்றித் தேர்வானார். நட்டா 2020-இல் பா.ஜ.க. தலைவரானதும் போட்டியின்றி. அங்கெல்லாம் டிக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, செல்லாத ஓட்டுக்கு வாய்ப்பே இல்லை. நீங்கள் பெட்டி வைத்தீர்கள். வெளியூரிலும் இதில் ஆபத்து உண்டு: 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் உட்கட்சித் தேர்தலில் ரிஷி சுனக்கை ஜெயித்துப் பிரிட்டிஷ் பிரதமரானார், உங்கள் முடிவு வந்த மறுநாள் ராஜினாமாவை அறிவித்தார், அக்டோபர் முடியுமுன் தோற்ற சுனக் பிரதமர். எங்கள் ஊரில் சிலர் அதைப் பார்த்துக் கொஞ்சநாள் ஆசைப்பட்டார்கள்.

அதற்குப் பதிலாக வந்தது உங்கள் ராய்ப்பூர் மாநாடு. 2023 பிப்ரவரியில் செயற்குழுவுக்கும் தேர்தல் நடக்கும் என்று கேள்விப்பட்டு, இரண்டு லோடு புது நாற்காலிக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் வேண்டாம், தலைவரே நியமித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆணையத்துக்கு வேலை போயிற்று, எனக்கு ஆர்டர் போயிற்று. அந்த ஆகஸ்டில் வந்த நியமனப் பட்டியலில் தரூர் பெயர் இருந்தது. 1,072-க்கு ஒரு இடம் என்றால் 416-க்கு அரை இடம்கூடக் கிடையாதா? நிரந்தர அழைப்பாளர், சிறப்பு அழைப்பாளர் என்று என்னென்னவோ வைத்திருக்கிறீர்கள். செல்லாத அழைப்பாளர் என்று ஒன்றை உருவாக்கினால் போதும், சம்பளம் வேண்டாம், பேசவும் மாட்டார்.

கடைசியாக ஒரு வியாபார விஷயம். உங்கள் நெறிமுறையில் நாற்காலி தரலாம் என்று இருக்கிறது, அதைத் திரும்ப எடுத்துப்போவது யார் பொறுப்பு என்று இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கட்சியின் மாநாட்டுக்குப் போன என் நாற்காலிகளில் முப்பத்திரண்டு இன்னும் வரவில்லை. அடுத்த தேர்தலுக்கு முன்பு அந்த விதியில் ஒரு வரி சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். பாதி முன்பணம், மீதி அடுக்கு எண்ணிப் பார்த்த பிறகு.

இப்படிக்கு,
தங்கள் கட்சியில் ஓட்டில்லாத,
வாடகை நாற்காலிக்காரன்.