மேனேஜர் ஸார், நீங்களா?

முப்பது வருஷம் உழைத்த கிளை மேனேஜரை வங்கி ஒரு மாலையில் நீக்கிவிட்டது என்று வையுங்கள். பெட்டகச் சாவியை ஒப்படைத்துவிட்டு மனிதர் நியாயம் கேட்கக் கிளம்புகிறார்.

தொழிலாளர் நீதிமன்றமா? நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி ஆகமாட்டார் என்றது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். 2020-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பதவிப் பெயரை அல்ல, செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்பார்கள் நீதிபதிகள். பியூன் வராத நாளில் ஷட்டரைத் தூக்கியவர், டெபாசிட் பிடிக்கக் கல்யாண வீடுகளில் அலைந்தவர்தான் இவர். ஆனால் வங்கியின் வக்கீல் நீட்டப்போவது, காஷியரின் லீவு விண்ணப்பத்தில் இவர் போட்ட பச்சை மைக் கையெழுத்தை!

சரி, உயர் நீதிமன்றத்தில் ரிட்? அரசு வங்கி என்றால் போடலாம். தனியார் வங்கி என்றால், 2003-இல் ஃபெடரல் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அங்கே வந்து நின்றவரும் ஒரு கிளை மேனேஜர்தான்.

மிச்சம் சிவில் கோர்ட். ஜெயித்தாலும் பொதுவாக நஷ்டஈடுதான், நாற்காலி திரும்பாது. அந்த நஷ்டஈடும் பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு நின்றுவிடும். மேனேஜர் ஸார், உங்கள் நியமன உத்தரவில் அது எத்தனை மாதம் என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.