டைரக்ட்

எங்கள் மாருதி 800-இல் டாஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங்கின் இடது பக்கம், ஒரு சுவிட்ச் இருந்தது. குர்கான் தொழிற்சாலையில் வைத்ததல்ல. 1992 மே மாதம் வத்தலக்குண்டில் வைத்தது.

அப்பா தூத்துக்குடியில் உப்பளக் கணக்கு பார்த்தவர். வண்டியை 1987-இல் வாங்கினார். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்த படத்தைப் பேப்பரில் பார்த்த நாளிலிருந்து அவருக்கு அந்த ஆசை. அதுவரை எங்கள் தெருவில் கார் என்றால் மாமா வீட்டு அம்பாசடர்தான். அதில் எஞ்சின் வண்டியின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும். முன்பக்கத்துப் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் ஓடி, வாட்டர் பம்பையும் அதன் மேல் இருக்கும் ஃபேனையும் சேர்த்துச் சுற்றும். எஞ்சின் ஓடினால் ஃபேனும் ஓடும். அதற்கு வயரும் இல்லை, சென்சாரும் இல்லை.

மாருதியின் 796 சிசி எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்தது. புல்லி ரேடியேட்டரைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்த்தது. அதனால் ஃபேனைச் சுற்ற மின்சார மோட்டார் தேவைப்பட்டது. எப்போது சுற்ற வேண்டும் என்று சொல்ல, தண்ணீர் ஓடும் பாதையில் ஒரு தெர்மோ சுவிட்ச். சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியதும் அதற்குள் இருக்கும் தகடு வளைந்து சர்க்யூட்டை மூடும், ஆறியதும் திறக்கும். அப்பா பானெட்டைத் திறந்து வைத்து, ஃபேன் தானாக ஓடித் தானாக நிற்பதைத் தெருக்காரர்களுக்குக் காட்டியிருக்கிறார். "யாரும் தொடல பாத்தியா!" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அந்த ஃபேன் ஓடாமல் போனது கொடைக்கானல் மலைப்பாதையில். டம்டம் பாறைக்குச் சற்றுக் கீழே, டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி வந்தது. அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். பின்னால் வந்த லாரி டிரைவர் சத்தம் போட்டுத் தடுத்தார். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நூறு டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் அத்தனையும் முகத்தில் சீறும். இதை அவர் சொன்ன விதம் வேறு: "சார், புள்ளைங்க பாக்குறாங்க, கண்ணு முக்கியம்." ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

வண்டியை மெதுவாக இறக்கி வத்தலக்குண்டுக்குக் கொண்டுவந்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன். தெர்மோ சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்தார். அப்படிச் சேர்த்தால் சுவிட்ச் மூடிய மாதிரி. ஃபேன் ஓட வேண்டும். ஓடவில்லை. மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தார்; ஓடியது. "மோட்டார் நல்லாருக்கு, வயரிங்ல எங்கயோ கட்டு சார். தேடுறதுக்கு ஒரு நாள் ஆகும். இப்ப டைரக்ட் கொடுத்துடவா?" என்றார். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் போட்டுப் புது வயர், நடுவே ஒரு சுவிட்ச், நெகட்டிவுக்கும் தனியாக ஒரு வயர். நாற்பது நிமிட வேலை. கிளம்பும்போது சொன்னார்: "ஊருக்குப் போனதும் ஒரிஜினல் வயரைப் பாத்துடுங்க சார். இது சும்மா வீடு போய்ச் சேர்றதுக்கு."

அவர் அன்று எங்களைக் காப்பாற்றினார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாங்கள் ஊருக்குக் கொண்டுவரவில்லை.

பன்னிரண்டு வருடம் அப்பாதான் அந்த வண்டியின் சென்சார். முள் பாதியைத் தாண்டினால் இடது கை தானாகக் கீழே போகும். 'டிக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் அம்மா. "என்னங்க, ஃபேன் போட்டாச்சா?" ரயில்வே கேட்டில், கோயில் வாசலில், தேர்க் கூட்டத்தில் அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். வண்டியை நிறுத்தியதும், "ஃபேன் அணைச்சாச்சா?" அந்தச் சுவிட்ச் பேட்டரியிலிருந்து நேராக வருவதால் சாவியை எடுத்தாலும் ஃபேன் நிற்காது. இரண்டு முறை இரவு முழுக்க ஓடி, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை.

2004-இல் ஆச்சியைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நிலைமை மோசம் என்று காலையில் போன் வந்தது. அப்பா தனியாகப் போனார். நெடுஞ்சாலையில் காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊருக்குள் நுழைந்து நெரிசலில் நின்றபோதுதான் ஃபேன் வேண்டும். அன்று "ஃபேன் போட்டாச்சா?" என்று கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை, முள்ளைப் பார்க்கிற மனநிலையில் அவரும் இல்லை. ஆவி வந்த பிறகும் நிறுத்தாமல் ஓட்டிப் போயிருக்கிறார். அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், தண்ணீர் எண்ணெயில் கலந்தது. டிப் ஸ்டிக்கை இழுத்தால் பால்காப்பி நிறம். ஹெட்டை மட்டம் செய்து போட்டார்கள். ஆனால் அப்பா அதன்பின் அந்த வண்டியை மனதார ஓட்டவே இல்லை. உறை போர்த்திய வண்டி, அவர் காலத்துக்குப் பிறகும் வீட்டுப் பின்பக்கம் நின்றது. 2014 ஜனவரியில் மாருதி 800 உற்பத்தியே நின்றபோது, எங்கள் வண்டியை விற்கிறீர்களா என்று பழைய இரும்புக்காரர் விசாரித்துப் போனார்.

2024-இல் நான் உறையை எடுத்தேன். எஞ்சின் வேலை முடிந்ததும் வத்தலக்குண்டு வயரை முழுக்க உருவினேன். ஒரிஜினல் சர்க்யூட்டில் புதிய தெர்மோ சுவிட்ச் மாட்டினேன். முள் ஏறியது, ஃபேன் ஓடவில்லை.

முள் ஏறுவதும் ஃபேன் ஓடுவதும் ஒரே சென்சாரின் வேலை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. முள்ளுக்குத் தனி சென்சார், ஒற்றை வயர். எஞ்சின் உடம்பே அதற்கு எர்த். அதனால்தான் அதன் மரையில் டெஃப்லான் டேப்பைக் கண்டபடி சுற்றக் கூடாது. எர்த் கெட்டால் முள் பொய் சொல்லும். ஃபேனுக்கு வேறு சுவிட்ச். முள் சரியாக இருப்பது ஃபேனுக்குச் சாட்சி ஆகாது. கழற்றிய பழைய சுவிட்சை ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு அடுப்பில் போட்டுப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியதும் மூடியது, ஆறியதும் திறந்தது. முப்பத்திரண்டு வருடமாக அது குற்றமற்றே இருந்திருக்கிறது.

சுவிட்ச் வயர்களைச் சேர்த்து, ஃபேன் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். முழுசாக வருகிறது. கப்ளரை மாட்டினால் மோட்டார் அசையவில்லை. இரண்டு நாள் மோட்டார் மேல்தான் சந்தேகப்பட்டேன்.

எங்கள் தெருமுனையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்து பார்த்தார். கையில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பு, இரண்டு வயர். "மீட்டர் சும்மா நிக்கிற வயரைத்தாம்மா பாக்கும். வேலை செய்யிற வயரைப் பாக்கணும்லா" என்று பல்பைக் கப்ளரில் வைத்தார். இழை மங்கலாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. ஓர் இழை செம்பு மிச்சமிருந்தாலும் அதன் வழியே பன்னிரண்டு வோல்ட் வந்து காட்டிவிடும். பல ஆம்பியர் கேட்கிற பல்பு வந்ததும் வயரின் பலம் தெரிந்துவிட்டது. பல்பு எரியும்போதே மீட்டரையும் வைத்தோம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பல்பு வரை 0.2 வோல்ட் இழப்பு. அந்தப் பக்கம் நலம். பல்பில் 3 வோல்ட். பல்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 9 வோல்ட். எர்த் பக்கத்தில் எங்கோ முக்கால் பங்கு மின்னழுத்தம் வீணாகிறது.

அந்த வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனோம். பேட்டரி தட்டுக்குக் கீழே, பாடியில் போல்ட் போட்டு முறுக்கிய இடத்தில் முடிந்தது. மேலே பிற்பாடு அடித்த பெயின்ட். சுரண்டினால் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. ஐந்து வருடம் தினமும் உப்பளத்துக்குப் போய் வந்த வண்டி. உப்பும் பேட்டரி ஆசிடும் சேர்ந்து அரித்திருந்தன. மூன்று நான்கு இழைகள்தான் பாக்கி. 1992-இல் ஃபேனை நிறுத்தியது இதுதான். நெகட்டிவுக்கும் தனி வயர் கொடுத்ததால் டைரக்ட் சர்க்யூட் இந்தப் போல்ட்டைத் தாண்டிப் போய்விட்டது. கோளாறு தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எங்களோடு குடியிருந்தது. ஆச்சியிடம் விரைந்த அப்பாவின் எஞ்சினைக் கெடுத்ததும் அதுதான்.

இப்போது நான் ஓட்டும் காரில் இந்தக் கவலை கிடையாது. சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்; கம்ப்யூட்டர் ரிலே வழியாக ஃபேனை ஓட்டும். பல வண்டிகளில் சென்சார் வயர் அறுந்தாலும் கம்ப்யூட்டர் ஃபேனை ஓட விட்டு, டாஷ்போர்டில் விளக்கைப் போட்டு எச்சரிக்கும். ஆனால் அந்த ஃபேனும் எங்கோ ஒரு போல்ட்டில்தான் எர்த் ஆகிறது. அது துருப்பிடித்தால் தேடிப் போக விரல்தான் வேண்டும், ஒரு பல்பு வேண்டும், ஒரு நாள் பொறுமை வேண்டும். அந்த ஒரு நாளை அப்பாவுக்கு யாராவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

செம்பு பளபளக்கும் வரை வயரை வெட்டிப் புது லக் போட்டோம். இரும்பை உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். மறுபடி அளந்தபோது எர்த் இழப்பு 0.1 வோல்ட்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து வைத்தேன். முள் பாதியைத் தாண்டியது. என் இடது கை, சுவிட்ச் போய் ஓட்டையாகிப்போன அந்த இடத்தைத் தேடிப் போய் நின்றது. 'டக்'கென்று ஃபேன் ஓடத் தொடங்கியது.

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள். "யாருட்டி போட்டது?"

"யாரும் தொடலம்மா."

அம்மா படியில் உட்கார்ந்துகொண்டாள். ஃபேன் தானாக நிற்கும் வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.