கைதூக்கும் கனவான்கள்

சுவிட்சர்லாந்தில் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்துக் கனவான்களின் ஸ்திரசித்தத்தை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். தேசிய அளவில் 1971-இலேயே ஸ்திரீகளுக்கு வாக்குரிமை வழங்கி மற்றையோர் சபலத்துக்கு இடங்கொடுத்துவிட்ட பின்னும், இவர்கள் பிதுரார்ஜித வாளை இடுப்பில் தரித்து, ஊர்ச் சதுக்கத்தில், மாமனாரும் முதலாளியும் மதுக்கடைச் சகாக்களும் பார்த்திருக்க, இரகசிய வாக்குச்சீட்டு என்னும் கோழைத்தனத்தை நாடாது, பகிரங்கமாகக் கைதூக்கி, 1990 ஏப்ரலிலும் ‘கூடாது’ என்றே பெரும்பான்மையாய்த் தீர்ப்பளித்தார்கள். இத்துணைச் சுதந்திரமாக அபிப்பிராயம் ஜனிக்கும் ஸ்தலம் வேறுண்டோ? தவிரவும், வீட்டுக்கு ஒரு கை போதாதா? மற்றது பாத்திரம் தேய்ப்பதில் ஓயாதிருந்ததே! அவ்வாண்டு நவம்பரில் சமஷ்டி நீதிமன்றம், ரசனையே இல்லாமல், குறுக்கிட்டுவிட்டது. விளைவு விபரீதந்தான்: 1999-இல் அம்மாநிலத்திலிருந்தே ரூத் மெட்ஸ்லர் என்னும் பெண்மணி சமஷ்டி அரசின் நீதித்துறை அமைச்சரானார்.